சிவப்புக் கோடு

ஆச்சி அன்றைக்கு என்னோடு சண்டை போட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். "அப்பச் சரி தம்பி" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டார். அந்தச் சரிதான் இன்னும் காதில் கிடக்கிறது.

திருவாசகத்தை எளிய ஆங்கிலத்தில் எழுதும் வேலை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளர்கிற பேரப்பிள்ளைகளுக்காக. ஜி. யு. போப் 1900-லேயே முழுவதையும் ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டார். ஆனால் ‘நீ’, ‘உன்னை’ என்பதற்கு அந்தக் காலத்து ஆங்கிலத்தில் வரும் ‘தௌ’வும் ‘தீ’யும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏறாது. நாங்கள் எட்டுப் பேர், எல்லோரும் சம்பளம் இல்லாத ஆட்கள். எந்த மென்பொருளில் எழுதுவது என்று முடிவு செய்வது என் பொறுப்பு.

இதற்கு முன்னோடி பைபிள்காரர்கள்தான். ஈஸி இங்கிலீஷ் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதன் எளிய நிலையில் சுமார் 1200 சொற்கள்தான். அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டேன். பைபிள் மொழிபெயர்ப்புக்கென்றே இருக்கிற பாராடெக்ஸ்டையும் பார்த்தேன். அது அதிகாரம், வசனம் என்று பைபிளின் கட்டுக்கோப்பிலேயே செய்தது. நமக்குச் சட்டை பொருந்தவில்லை. யார் எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும், புரோகிராமர்கள் பயன்படுத்துகிற ‘கிட்’ மென்பொருளை வைக்கலாமா என்றதும் கல்லூரிப் பையன்கள் இருவர் தலையாட்டினார்கள், மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிவிட்டேன். கூகுள் டாக்ஸ் நல்லதுதான். ஆனால் நம் வீடுகளில் வளவைத் தாண்டினால் சிக்னல் செத்துவிடுகிறது. கடைசியில், சிக்னல் இல்லாமலே கணினியில் ஓடுகிற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ்.

அதில் ஒரு காரியம் செய்தேன். அதைப் பற்றி இன்றும் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதன் பிழைதிருத்தி பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் அகராதி வெறும் டெக்ஸ்ட் கோப்புதான்: முதல் வரியில் எத்தனை சொல் என்ற எண்ணிக்கை, கீழே வரிக்கு ஒரு சொல், விகுதிகளுக்குத் தனியாக இன்னொரு கோப்பு. ஆங்கில அகராதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எங்கள் பட்டியலை வைத்தேன். பட்டியலில் இல்லாத எதை அடித்தாலும் கீழே சிவப்பு நெளிகோடு. முதல் நாளே ‘வென்ட்’டுக்குக் கோடு விழுந்து எல்லோரும் சிரித்தார்கள், ‘கோ’வைச் சேர்த்தவன் அதன் இறந்தகாலத்தை மறந்திருந்தேன்.

சிவபுராணத்தை ஆச்சிக்குக் கொடுத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். ‘அவன் அருளாலே அவன் தாள் வணங்கி’ என்ற இடத்தில் அருளுக்கு ‘கிரேஸ்’ என்று அடித்திருந்தார். கோடு.

"ரைட் கிளிக் பண்ணினா ‘ஆட் டு டிக்‌ஷனரி’ன்னு வருதே தம்பி. அமுக்கட்டுமா?"

"அதை மட்டும் அமுக்கிடாதீங்க ஆச்சி. உங்க லேப்டாப்புல மட்டும்தான் சேரும். மத்தவங்களுக்குக் கோடு வரும்."

"அப்ப அருளுக்கு என்ன போட?"

"‘ஹெல்ப்’ இருக்கே."

ஆச்சி வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "முட்டி வலிக்காரியைக் கைத்தாங்கலாத் தூக்கிவிட்ட மாதிரி இருக்கு." பிறகு கேட்டார்: "கோடு போனாப் போதுமா?"

"போதும் ஆச்சி."

நான் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பொத்தானை அமுக்கினால் சொல் அவரவர் கணினியோடு நின்றுவிடும். எட்டு பேரும் அமுக்கினால் எட்டு பட்டியல். ஏற்கெனவே முக்தி என்ற பொருளில் வரும் ‘வீடு’ என்பதற்கு மூன்று பேர் மூன்று சொல் போட்டு, அதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஒன்றுக்குக் கதவைத் திறந்தால் அடுத்து ‘பிளிஸ்’ வரும், ‘மெர்சி’ வரும்.

ஆனால் பொதுப் பட்டியலில் நானே ஒரு வரி சேர்த்து, பென் டிரைவில் எடுத்துப்போய் எட்டு கணினியிலும் போட்டிருக்கலாம். ஒரு சாயங்கால வேலை. பைபிள்காரர்களும் கடினமான சொல் தேவைப்படும் இடத்தில் அதை வைத்துக்கொண்டு பொருளை விளக்கிவிடுகிறார்கள். 1200-ஐ எடுத்துக்கொண்ட நான் அதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? பட்டியல் முடிந்துவிட்டது என்று முந்தின நாள்தான் எல்லோருக்கும் அறிவித்திருந்தேன். அவ்வளவுதான் காரணம் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், இல்லை, முறை என்று ஒன்று வேண்டாமா என்றும் தோன்றுகிறது.

அதற்கப்புறம் ஆச்சி அனுப்பிய கோப்புகளில் ஒரு கோடுகூட இல்லை. எட்டு பேரில் அவருடையதுதான் சுத்தம். எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். பிறகு ஒருநாள் மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. தப்பென்று ஒரு வரியைக் காட்ட முடியாது. கோடு விழாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்திருந்தார்.

சிங்கப்பூர்ப் பேத்தி போனில் அதைத் தட்டாமல் வாசித்துக் காட்டியதாம். ஆச்சியே சந்தோஷமாகச் சொன்னார். "பிள்ளைக்குப் புரிஞ்சிருச்சு தம்பி." என்ன புரிந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் அவருடைய லேப்டாப்பில் புதுப் பட்டியலை ஏற்றப் போனேன். சொந்தமாகச் சேர்க்கிற சொற்கள் போய் உட்காரும் கோப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு சொல், ‘கிரேஸ்’. என்னிடம் கேட்பதற்கு முன்பு அமுக்கினாரா, பின்பா, கோப்பின் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கவில்லை. சிவபுராணத்தில் ‘ஹெல்ப்’ என்றுதான் இருந்தது.

அந்தச் சொல்லை நான் அழிக்கவில்லை. பொதுப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை. ஆச்சி காபி கொண்டுவந்து வைத்து, "எல்லாம் ஏறிருச்சா?" என்றார். ஏறிவிட்டது என்றேன்.