வியாழக்கிழமை மதியம் சாத்திய கதவு

"அப்படி என்னதான் பேசுவீங்க?"

வியாழக்கிழமை மதியம் நாங்கள் ஏழு பெண்கள் சின்ன மீட்டிங் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினால், ஆண் சக ஊழியர் யாராவது இதைக் கேட்டுவிடுவார். கிண்டல்தான். ஆனால் ஆறு மாதம் விடாமல் கேட்டார்கள். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த கூட்டங்கள் எங்கள் அலுவலகத்தில் எத்தனையோ நடந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மெரிலின் ஃபிரை 1970களிலேயே இதைத் தொட்டு எழுதியிருக்கிறார். எஜமான் அடிமையின் குடிசைக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். அவனை உள்ளே விட மறுப்பவள், தான் அடிமை இல்லை என்று சொல்லிவிடுகிறாள். எங்கள் கதவு அவ்வளவு பெரிய கதவு இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி ஏன் ஓயவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நாங்கள் கொள்கை பேசிக் கூடியவர்கள் இல்லை. ஒருத்தியின் வருடாந்தர மதிப்பீட்டில் "பேச்சில் கடுமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். அவள் அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள், "எனக்கும் இதே வரிதான்" என்றாள். அப்புறம் இன்னும் இரண்டு பேர். அதுவரை நான்கு பேரும் தன் குணத்தில்தான் கோளாறு என்று நம்பியிருந்தோம். ஆம், அந்த நால்வரில் நானும் ஒருத்தி.

பெயர் இல்லாத தொல்லைக்குப் பெயர் கிடைத்ததும் இப்படித்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த கர்மிட்டா வுட், மேலதிகாரியின் சீண்டல் தாங்காமல் வேலையை விட்டார். சொந்தக் காரணத்துக்காக விலகியவர் என்று சொல்லி, வேலையில்லாதோருக்கான உதவித்தொகையை மறுத்துவிட்டார்கள். அங்கே பாடம் நடத்திய லின் ஃபார்லியின் வகுப்பிலோ, மாணவிகள் தங்கள் வேலை அனுபவங்களைச் சொல்லச் சொல்ல, அதே கதை திரும்பத் திரும்ப வந்தது. பாலியல் துன்புறுத்தல் என்று இன்று நாம் சொல்கிறோமே, அதன் ஆங்கிலச் சொல் 1975இல் அந்தப் பெண்களின் பேச்சிலிருந்து பொதுவெளிக்கு வந்ததுதான்.

முழுதாகவே பிரிந்து வாழ்ந்து பார்த்தவர்களும் உண்டு. 1971இல் வாஷிங்டனில் உருவான ஃபியூரிஸ் என்ற குழுவினர் ஆண்களைச் சாராமல் ஒன்றாக வாழ்ந்து பத்திரிகையும் நடத்தினார்கள். குழு சீக்கிரமே கலைந்துவிட்டது. எனக்கு அந்த அளவுக்குத் துணிவும் இல்லை, விருப்பமும் இல்லை. வாரம் ஒரு மணி நேரம் போதும். பாஸ்டனின் காம்பஹீ ரிவர் கலெக்டிவ் என்ற குழுவைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் 1977இல் பிரிவினை வழியை வெளிப்படையாகவே மறுத்தார்கள். நிறவெறிக்கு எதிராகத் தங்கள் ஆண்களோடு அவர்கள் சேர்ந்து நிற்க வேண்டியிருந்தது. பெண் என்ற ஒரு சொல்லில் எல்லாரும் அடங்கிவிடுவதில்லை.

இதைப் படித்துத் தலையாட்டிய எனக்கு, என் அலுவலகத்தில் நடந்தது கண்ணில் படவில்லை. ஒரு வியாழன் துப்புரவுப் பணி செய்யும் அக்கா கதவைத் தட்டினார். "இன்னும் எவ்வளவு நேரமாகும் மேடம்? மத்தியானம் இந்த ரூம் காலியா இருந்தாத்தான் நாங்க கொஞ்சம் காலை நீட்டுவோம்."

ஆறு மாதமாக!

அடுத்த வாரமே கூட்டத்தை மூன்று மணிக்கு மாற்றினோம். அவர்களையும் கூப்பிட்டோம். இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அந்த அக்கா மட்டும் வாசலிலேயே நின்று, "நீங்கல்லாம் இருந்தா நாங்க எப்படி மேடம் பேசுறது?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.