கோரிலேஷன் கீ: ஆர்டர் நம்பர் மட்டும் போதாது

ஒரே ஆர்டர் வொர்க்ஃப்ளோவில் நூற்றுக்கணக்கான இன்ஸ்டன்ஸ்கள் (ஆர்டருக்கு ஒன்றாக ஓடும் பிரதிகள்) பேமென்ட் கேட்வேயின் பதிலுக்காகக் காத்திருக்கின்றன. வெப்ஹூக் (கேட்வே நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் பதில்) வந்ததும் அது எந்த இன்ஸ்டன்ஸுக்கு உரியது என்று கண்டுபிடிப்பதுதான் கோரிலேஷன். அதற்கு உதவும் அடையாளம்தான் கோரிலேஷன் கீ. 2007-இல் வந்த பிபெல் 2.0 என்ற வொர்க்ஃப்ளோ மொழியிலேயே இதற்கென்று கோரிலேஷன் செட் உண்டு. பழைய தலைவலிதான்.

கீ என்றதும் கை போவது ஆர்டர் நம்பருக்கு. வாடிக்கையாளர் ஒரே முயற்சியில் பணம் கட்டும்வரை சிக்கல் வெளியே தெரியாது. கார்டு முயற்சி டைம் அவுட் ஆகி, அடுத்து யுபிஐயில் கட்டுகிறார் என்று வையுங்கள். கார்டின் ‘ஃபெயில்’ பதில் தாமதமாக வந்து, யுபிஐ பதிலுக்காகக் காத்திருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பணம் போயிருக்கும், ஆர்டரோ கேன்சல் ஆகியிருக்கும். ஆகவே ஒவ்வொரு முயற்சிக்கும் தனிக் கீ கொடுங்கள்: 48213-1, 48213-2. அதை நாமே உருவாக்கி, கேட்வேயின் ரெஃபரன்ஸ் ஃபீல்டில் அனுப்பிவிட வேண்டும். கேட்வே தரும் ஐடியைக் கீயாக வைத்தால், அந்த ஐடியை நாம் சேமித்து முடிப்பதற்குள் வெப்ஹூக் வந்துவிடலாம். கீ எப்போதும் ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும். எண்ணாக மாற்றினால் 00123 என்பது 123 ஆகிவிடும்.

ஆனால் கீ சரியாக இருந்தும் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் நேரம்தான் காரணம். கமுண்டா 7 என்ற வொர்க்ஃப்ளோ எஞ்சினில் சென்ட் டாஸ்க்கும் (கோரிக்கையை அனுப்பும் படி) மெசேஜ் கேட்ச்சும் (பதிலுக்குக் காத்திருக்கும் படி) ஒரே டிரான்ஸாக்‌ஷனில் ஓடினால், கமிட் ஆகும்வரை சப்ஸ்கிரிப்ஷன், அதாவது ‘இந்த மெசேஜுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற பதிவு, டேட்டாபேஸில் தெரியாது. கேட்வே அதற்குள் பதில் சொல்லிவிட்டால் ‘மிஸ்மேட்சிங் மெசேஜ் கோரிலேஷன்’ எக்ஸெப்ஷன்தான். சென்ட் டாஸ்க்கில் ‘அசிங்க் ஆஃப்டர்’ (அந்தப் படி முடிந்ததும் கமிட் செய்து, மீதியைப் பிறகு ஓட்டும் அமைப்பு) போட்டால் நிலைமை இன்னும் மோசம். சப்ஸ்கிரிப்ஷன் மேலும் தள்ளிப்போகும். பேரலல் கேட்வே (பேமென்ட் கேட்வே அல்ல, ஓட்டத்தை இணைக் கிளைகளாகப் பிரிக்கும் குறி) வைத்து, ஒரு கிளையில் மெசேஜ் கேட்ச், மறு கிளையில் ‘அசிங்க் பிஃபோர்’ (படி தொடங்கும் முன்பே கமிட்) போட்ட சென்ட் டாஸ்க் என்று பிரியுங்கள். காத்திருப்பு கமிட் ஆன பிறகே அழைப்பு வெளியே போகும்.

கமுண்டா 8-இல் பப்ளிஷ் செய்யும் மெசேஜுக்கு டிடிஎல் (எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பு) கொடுத்தால் அது பஃபரில் காத்திருக்கும். பூஜ்யம் கொடுத்து, அந்த நேரத்தில் சப்ஸ்கிரிப்ஷனும் இல்லையென்றால் சத்தமில்லாமல் போய்விடும். கேட்ச் ஈவென்டுக்குள் நுழையும்போதுதான் கீ கணக்கிடப்படும். அப்புறம் வேரியபிளை மாற்றினாலும் சப்ஸ்கிரிப்ஷன் பழைய கீயிலேயே நிற்கும். மெசேஜ் ஐடி டூப்ளிகேட்டைத் தடுக்கும் என்பதும் மெசேஜ் பஃபரில் இருக்கும்வரைதான். கேட்வேக்களோ மணிக்கணக்கில் ரீட்ரை செய்பவை. எனவே பார்த்த ஈவென்ட் ஐடிகளுக்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டோடு (ஒரே ஐடி இரண்டு முறை பதிவாகாது) சொந்த டேபிள் வேண்டும்.

வெப்ஹூக்கை முதலில் அந்த டேபிளில் எழுதி, 200 (‘கிடைத்தது’ என்ற பதில்) திருப்பி அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு கோரிலேட் செய்யுங்கள். பொருந்தவில்லையென்றால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே சில முறை ரீட்ரை. அப்போதும் ஆள் இல்லையென்றால் அந்த இன்ஸ்டன்ஸ் அநேகமாக டைமரில் முடிந்திருக்கும். வந்தது ‘சக்சஸ்’ என்றால் அது வாடிக்கையாளரின் பணம். டெட் லெட்டரில் (உரிய இடம் சேராத மெசேஜ்களின் பட்டியல்) கிடப்பில் போடாமல் அதிலிருந்தே ரீஃபண்ட் வொர்க்ஃப்ளோவைத் தொடங்குங்கள்.