ரயில் ஓடாத நேரத்து மலிவு டிக்கெட்

சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பாங்காக், ஹாங்காங், தோக்கியோ என்று மலிவுக் கட்டண விமானங்களிலேயே தனியாகப் போய்வந்த களைப்பு இன்னும் தீரவில்லை. ஆனாலும் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட் தளங்களில் விலையைக் குறைந்ததிலிருந்து அடுக்கிப் பார்த்தால் முதலில் வந்து நிற்கும் விமானம் பெரும்பாலும் விடியற்காலை ஆறு மணிவாக்கில் புறப்படும், அல்லது நள்ளிரவைத் தாண்டித் தரையிறங்கும். அந்த நேரத்தில் விமான நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே ரயில் ஓடாது. இரண்டு மூன்று பேராகப் போகிறவர்கள் டாக்சிக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். தனியாகப் போகிறவர் முழுத் தொகையையும் தன் பையிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு மலிவு டிக்கெட் உண்மையில் மலிவா என்பது ஊருக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் இருக்கும் அந்த முப்பது, ஐம்பது, அறுபது கிலோமீட்டரில்தான் தீர்மானமாகிறது.

கோலாலம்பூரை விரைவாகக் கடந்துவிடுகிறேன். 1998இல் திறக்கப்பட்ட அந்த நகரத்தின் பன்னாட்டு விமான நிலையம் செபாங்கில், ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மலிவுக் கட்டண விமானங்களுக்காக 2014இல் கட்டிய இரண்டாம் முனையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் 33 நிமிடம் ஆகும். கட்டணம் 55 ரிங்கிட், நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். அதே இடத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம், 15 ரிங்கிட் அளவில் முடிந்துவிடும். அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த நாற்பது ரிங்கிட் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பேருந்தில் போய் இறங்கி, பக்கத்திலேயே உள்ள பிரிக்ஃபீல்ட்ஸில் ரொட்டி சானாய் என்னும் பரோட்டாவும் தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீரும் என்று தொடங்கியதில், அந்த நாற்பது ரிங்கிட்டுக்குள் அன்றைய மூன்று வேளைச் சாப்பாடும் அடங்கிவிட்டது.

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன என்பதை டிக்கெட் எடுக்கும்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2006இல் திறந்த சுவர்ணபூமி நகரின் கிழக்கே இருக்கிறது. 1914 முதல் இயங்கிவரும், உலகின் மிகப் பழைய விமான நிலையங்களில் ஒன்றான டோன் முவாங் வடக்கே இருக்கிறது. மலிவுக் கட்டண விமானங்கள் பெரும்பாலும் டோன் முவாங்குக்குத்தான் வரும். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுகிறவர்களுக்கு, அடுத்த பயணத்தின் டிக்கெட்டைக் காட்டினால் இலவசப் பேருந்து உண்டு.

டோன் முவாங்கின் வாசலில் நிற்கும் ஏ2 பேருந்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 30 பாட் கொடுத்தால் வெற்றி நினைவுச்சின்னம் என்னும் பெரிய வட்டச் சந்திப்பில் இறக்கிவிடுகிறது. அந்தச் சந்திப்பின் வடகிழக்கில் ஒரு சிறு கால்வாய் ஓடுகிறது. அதன் கரையை ஒட்டி வரிசையாகப் படகு நூடுல்ஸ் கடைகள் இருக்கின்றன. முன்பெல்லாம் வியாபாரிகள் கால்வாய்களில் படகிலேயே அடுப்பு வைத்துச் சமைத்து, கரையில் நிற்பவருக்குச் சிந்தாமல் எடுத்து நீட்டுவதற்காகச் சின்னக் கிண்ணத்தில் விற்றார்கள் என்கிறார்கள். கடைகள் கரையேறிய பிறகும் கிண்ணம் சின்னதாகவே இருக்கிறது. பன்றி அல்லது மாட்டு எலும்பில் காய்ச்சிய சாற்றில் இரத்தத்தைக் கலந்து கெட்டிப்படுத்துகிறார்கள். பட்டையும் அன்னாசிப்பூவும் மணக்க, கறுத்த நிறத்தில், புளிப்பும் இனிப்பும் உறைப்பும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நாக்கில் ஏறுகிற சாறு அது. நம் ஊரில் ஆட்டு இரத்தப் பொரியலை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ருசி அந்நியமாகத் தோன்றாது. ஒரு கிண்ணம் மூன்றே வாயில் தீர்ந்துவிடுகிறது. சாப்பிட்ட கிண்ணங்களை மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போக, கடைக்கார அம்மா கடைசியில் வந்து அடுக்கை எண்ணிக் கணக்குச் சொல்கிறார். பக்கத்து மேசைக் கல்லூரிப் பிள்ளைகளின் அடுக்கு என்னுடையதைவிட மிக உயரமாக இருந்தது. விமானத்தில் வெந்நீர் ஊற்றித் தரும் கோப்பை நூடுல்ஸுக்குக் கொடுக்கும் விலையில் இங்கே வயிறு நிறையச் சாப்பிடலாம்.

அந்த மகிழ்ச்சியைப் பாங்காக்கை விட்டுக் கிளம்பிய இரவு கெடுத்தது. ஹாங்காங் விமானம் காலை ஆறரைக்கு, சுவர்ணபூமியிலிருந்து. நகருக்குள் இருக்கும் பயா தாய் நிலையத்திலிருந்து 45 பாட்டில் கொண்டுபோய்விடும் விமான நிலைய ரயில் காலை ஐந்தரை மணியளவில்தான் தொடங்கும். ஆகவே அதிகாலை மூன்றரைக்குத் தெருவில் நின்று டாக்சியைக் கை காட்ட வேண்டியிருந்தது. வழக்கமாக மீட்டரில் 300 பாட்டை ஒட்டி வருகிற தூரம் அது. விரைவுச்சாலைக் கட்டணம் தனி. முதலில் நின்ற ஓட்டுநர் மீட்டரைக் கையால் மறைத்துக்கொண்டு 700 என்றார். இரண்டாமவர் மீட்டரைப் போட்டு, பையை ஏற்றி, இரண்டு தெரு தாண்டிய பிறகு அதை அணைத்துவிட்டு 600 என்று விரலால் காட்டினார். ஆளில்லாத சாலையில், விமானத்துக்கு நேரம் குறைந்துகொண்டே வரும்போது, துணைக்கு ஒருவரும் இல்லாத பயணி எந்த அளவுக்குப் பேரம் பேச முடியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கொடுத்தேன். ஏறக்குறைய 1,600 ரூபாய். மீட்டர் தொகைக்கு மேல் நூறு பாட் கேட்டிருந்தால் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன். பாதி வழியில் மீட்டரை அணைப்பது வழிப்பறி என்றே சொல்வேன்.

அத்தோடு முடியவில்லை. விமானத்தில் ஏறும் வாயிலில் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் தராசு வைத்துக்கொண்டு நின்றார்கள். ஏழு கிலோ வரை கைப்பையும், அதனுடன் தோளில் மாட்டும் சிறிய பை ஒன்றும் கொண்டுபோகலாம் என்று டிக்கெட்டில் எழுதியிருந்தது. என் கைப்பை ஏழு கிலோவுக்குள் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து நிறுத்துவிட்டு, மிகை எடை என்று 1,200 பாட் வாங்கினார்கள். டிக்கெட்டில் உள்ள வரியைக் காட்டினேன். வரிசை நகர வேண்டும் என்ற பதில்தான் வந்தது. வாயிலில் நிற்கும்போது பணம் கட்டுவதைத் தவிரப் பயணிக்கு வேறு வழியில்லாத நேரம் பார்த்துக் கேட்கப்படுவதால், இந்தக் கட்டணத்தை நான் டாக்சிக்காரரின் 600 பாட்டிலிருந்து வேறாகப் பார்க்கவில்லை. இனி எந்த மலிவு டிக்கெட் எடுத்தாலும் பெட்டிக்கான கட்டணத்தையும் முதலிலேயே சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். முன்கூட்டியே இணையத்தில் கட்டினால் வாயிலில் கேட்பதைவிடக் கணிசமாகக் குறைவு.

இந்த இரண்டு எரிச்சல்களுக்கும் நடுவில் ஒரு காட்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சுவர்ணபூமியில் குடிநுழைவுச் சோதனை முடிந்து உள்ளே நுழைந்ததும் பாற்கடல் கடையும் சிற்பம் நீண்டு கிடக்கிறது. ஆமையின் மேல் மந்தர மலை, அதன் உச்சியில் திருமால், சுற்றிய வாசுகியை ஒரு பக்கம் தேவர்களும் மறுபக்கம் அசுரர்களும் பிடித்து இழுக்கிறார்கள். அதிகாலையில், வரியில்லாக் கடைகளின் வாசனைத் திரவிய விளம்பரங்களுக்கு நடுவே, சிறு வயதில் பாட்டியிடம் கேட்ட கதையை அவ்வளவு பெரிதாக, பச்சையும் பொன்னுமாகப் பார்த்தபோது மனம் நிறைந்துபோனது.

ஹாங்காங்குக்குப் போகும் இந்தியர்கள் ஒரு வேலையை முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். 2017 முதல், விசா இல்லாமல் 14 நாள்வரை தங்குவதற்கு இணையத்தில் முன்பதிவு செய்து, அந்தத் தாளை அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும்; கட்டணம் இல்லை. விமான நிலையத்திலிருந்து நகரின் மையத்துக்கு 24 நிமிடத்தில் ஓடும் விரைவு ரயிலுக்கு நூறு ஹாங்காங் டாலருக்கு மேல் ஆகும். ஏ21 இரட்டைத்தட்டுப் பேருந்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். நேரம் இருமடங்குக்கு மேல் ஆனாலும் பேருந்தே சிறந்தது என்பேன். மேல்தட்டின் முன்னிருக்கையில் உட்கார்ந்தால், 1997இல் திறந்த சிங் மா தொங்குபாலம் 1,377 மீட்டர் நீளத்துக்கு ஒரே தாவலில் கடலைக் கடப்பதையும், கீழே சரக்குக் கப்பல்கள் நுழைவதையும் பார்த்துக்கொண்டே போகலாம். கீழ்த்தட்டில் வைத்த பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று மேலிருந்தபடியே பார்ப்பதற்குத் திரை வைத்திருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போகும்போதுகூடப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் திண்டாடுகிற தனிப்பயணிக்கு அந்தச் சிறிய திரை எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

அறைகளின் விலையில்தான் ஹாங்காங் நம்மைக் கலங்கடிக்கிறது. நேதன் சாலையில் உள்ள சுங்கிங் மாளிகையில் தங்கினேன். 1960களின் தொடக்கத்தில் கட்டிய அந்தப் பதினேழு மாடிக் கட்டடத்தில் தெற்காசியரும் ஆப்பிரிக்கரும் கடை வைத்திருக்கிறார்கள், மாடிகளில் சிறு விடுதிகள் நிறைந்திருக்கின்றன. என் அறையில் கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இல்லை, லிஃப்டுக்கு நீண்ட வரிசை. இருந்தும் பாங்காக்கில் கொடுத்த வாடகையைவிடப் பல மடங்கு. ஆனால் காலையில் வெளியே வந்து சா சான் தெங் எனப்படும் தேநீர்க் கடைக்குள் நுழைந்ததும் அந்த வருத்தம் போய்விட்டது. தனி ஆளுக்குத் தனி மேசை கிடையாது. காலியாக இருக்கும் நாற்காலியைக் கடைக்காரர் கை காட்டுகிறார், செய்தித்தாள் படிக்கும் ஒரு தாத்தாவுக்கு எதிரே நாம் உட்கார்ந்துவிடுகிறோம், நம் ஊர் மெஸ்ஸில் பந்தியில் அமர்வதுபோல. தனியாக வந்திருக்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. வெண்ணெய் வைத்த பன்னும், இலங்கைத் தேயிலையைக் காய்ச்சித் துணிப்பையில் திரும்பத் திரும்ப வடிகட்டிச் சுண்டக் காய்ச்சிய பாலைச் சேர்க்கும் கனத்த தேநீரும் வந்தன. நான் குடித்த தேநீர்களில் அதற்கு நிகராக எதையும் சொல்ல மாட்டேன். ஐந்து டாலர் அளவில் ஸ்டார் படகில் துறைமுகத்தைக் கடந்து போவதும் திரும்பி வந்து இன்னொரு கோப்பை குடிப்பதுமாகவே என் ஹாங்காங் நாள்கள் போயின. பார்க்க வேண்டிய இடங்கள் என்று எழுதிவைத்திருந்த பட்டியலைத் தொடவே தோன்றவில்லை.

தோக்கியோ விமானமும் விடியற்காலைதான். ஆனால் இங்கே டாக்சி தேவைப்படவில்லை. படகுத்துறைக்கு அருகிலிருந்து என்21 என்ற இரவுப் பேருந்து விமான நிலையத்துக்கு ஓடுகிறது, அதுவும் பகல்நேர ஏ21ஐவிடக் குறைந்த கட்டணத்தில். அதிகாலை மூன்று மணிப் பேருந்தில் இருக்கைகள் பெரும்பாலும் நிறைந்திருந்தன. விமான நிலையத்தில் வேலை செய்பவர்களும், என்னைப்போல் மலிவு டிக்கெட் எடுத்தவர்களும் இருந்தார்கள். முந்தைய நகரத்தில் 600 பாட் கொடுத்த அதே நேரத்துக்கு இங்கே ஆன செலவு 300 ரூபாய்க்குள். இரவில் பயணம் செய்கிறவருக்கும் ஊர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஹாங்காங் நினைத்திருக்கிறது. அந்த நினைப்புக்காகவே அந்த நகரத்தின்மேல் எனக்கு மரியாதை கூடியது.

நான் இறங்கிய நரிட்டா விமான நிலையம் தோக்கியோவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1966இல் அங்கே விமான நிலையம் அமைப்பதாக அரசு முடிவெடுத்தபோது, நிலத்தை விட மறுத்த விவசாயிகளும் அவர்களோடு சேர்ந்த மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1978 மார்ச்சில் போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை உடைத்ததால் திறப்பு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. சுற்றுவட்டாரத்தில் வாழ்பவர்களுக்காக இன்றும் நள்ளிரவையொட்டி ஓடுபாதைகள் அடங்கி, காலை ஆறு மணிக்குத்தான் மீண்டும் விழிக்கின்றன. தாமதமாகும் கடைசி விமானத்தில் டிக்கெட் எடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மலிவுக் கட்டண விமானங்களுக்காக 2015இல் திறந்த மூன்றாம் முனையத்தில் தரை முழுவதும் ஓட்டப்பந்தயத் தடம்போல நீலமும் சிவப்பும் தீட்டி வழிகாட்டுகிறார்கள். பலகையை நிமிர்ந்து தேடாமல் நிறத்தைத் தொடர்ந்து நடந்தாலே போதும். சிக்கனமாகக் கட்டினாலும் அக்கறையோடு கட்ட முடியும் என்பதற்கு அதைக் காட்டலாம். ஊருக்கு விரைவு ரயிலில் 2,500 யென்னுக்கு மேல், பேருந்தில் 1,500 யென் அளவில். டாக்சியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 20,000 யென்னையும் தாண்டும்.

திரும்பிச் சென்னையில் இறங்கியபோது நள்ளிரவு கடந்திருந்தது. மீனம்பாக்கத்துக்கு 2016இலேயே மெட்ரோ வந்துவிட்டது, அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். ஆனால் ரயில் இரவு பதினொரு மணியோடு நின்றுவிடுகிறது. தென்கிழக்காசிய விமானங்களில் பலவும் வந்து போவது அதற்குப் பிறகுதான். வாடகைக் கார் வரிசையில் எனக்கு முன்னால் மலேசியாவிலிருந்து வேலை முடிந்து திரும்பியவர்கள் கட்டிய அட்டைப்பெட்டிகளோடு நின்றிருந்தார்கள். அவர்களில் பலர் கோயம்பேட்டுக்கும் எழும்பூருக்கும் போக வேண்டியவர்கள். இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை, பன்னாட்டு முனையத்தின் வாசலிலிருந்தே அந்த இரண்டு இடங்களுக்கும் அரை மணிக்கு ஒரு பேருந்து, பெட்டி வைக்கத் தட்டோடு, 100 ரூபாய் கட்டணத்தில் ஓடினாலும் அது நிறைந்து ஓடும்.