அப்பா எதையும் தட்டித்தான் பாப்பார்

எங்கப்பா சந்தைக்கு வந்தாலே கடைக்காரங்க கொஞ்சம் உஷாராயிடுவாங்க. தேங்காய், தர்பூசணிய தட்டிப் பாக்குறது ஊருல எல்லாரும் பண்றதுதான், அப்பா சொரக்காய தட்டுவார், பூசணிய தட்டுவார், முட்டைகோஸ கூட விடமாட்டார். ஒரு ஞாயித்துக்கிழம பொன்மலை சந்தையில முட்டைய எடுத்து நகத்தால மெல்ல தட்டி காதுகிட்ட வச்சுட்டு கண்ண மூடி நின்னுட்டிருந்தார், முட்டக்கார அக்கா "ஐயா அது குஞ்சு பொரிச்சிரும்யா, சீக்கிரம் சொல்லுங்க"ன்னு சொல்ல சுத்தி நின்ன எல்லாரும் சிரிச்சுட்டாங்க, அப்பாவும் சிரிச்சார், ஆனா பன்னெண்டு முட்டையையும் தட்டி முடிக்காம நகரல.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்ல ஃபிட்டர். 1970ல அப்ரண்டிஸா உள்ள போனவர் 2010ல மாலையோட வெளிய வந்தார், முழுசா நாப்பது வருசம். அதுக்கு முன்னாடி அவரோட தாத்தா, நாகப்பட்டினத்துல இருந்த ஒர்க்ஷாப் 1928ல பொன்மலைக்கு மாறினப்போ சட்டிமுட்டியோட இங்க வந்து சேந்தவர். அந்த தாத்தாதான் அப்பாவுக்கு தட்டக் கத்துக்குடுத்ததாம். ரயில் சக்கரத்த சின்ன சுத்தியலால தட்டணும், நல்ல சக்கரம்னா கோயில் மணி மாதிரி கணீர்னு இழுத்துட்டே போகும், உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம விரிசல் இருந்தா டொக்குனு செத்துரும். இத எங்களுக்கு ஒரு நூறு தடவயாவது சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் வாயாலயே கணீர்ர்ர்ருன்னு இழுத்துக் காட்டுவார், எங்க பாட்டிகூட "போதும்டா சாமி, காது அடைக்குது"ம்பாங்க.

பின்னாடி விரிசல் பாக்க அல்ட்ராசோனிக் மெஷின் வந்துச்சு. இனிமே தட்டுறதுக்கு வேலையில்லப்பான்னு நான் சொன்னதுக்கு, "அதுவும் தட்டத்தான் பாப்பா செய்யுது, நம்ம காதுக்கு கேக்காத சத்தத்துல தட்டுது, அவ்ளோதான்"னார். அப்ப நான் பிளஸ் டூ, பிசிக்ஸ் புக்க நாலு நாள் படிச்சும் மண்டையில ஏறாதது அந்த ஒரு வரியில ஏறிடுச்சு.

வீட்டுல தட்டாத பொருளே கிடையாது. புதுசா கட்டில் வந்தா தட்டுவார், சுவத்த தட்டி எங்க பூச்சு விட்டிருக்குன்னு சாக்பீஸால வட்டம் போடுவார், வாடகை வீட்டுக்காரர் வந்து பாத்துட்டு இதென்ன சார் சுவரெல்லாம் அம்மை போட்டமாதிரி இருக்குன்னு கேட்டார். டிவில படம் ஆடுச்சுன்னா எல்லார் வீட்டுலயும் மேல ஓங்கி ஒரு அடி போடுவாங்க, அப்பா அப்படியில்ல, வலது பக்கம் கீழ ரெண்டு விரல்ல ரெண்டே தட்டு, படம் நின்னுரும். எந்த இடம்னு கடைசி வரைக்கும் அம்மாவுக்கு சொல்லவேயில்ல. சொல்லிட்டா இந்த வீட்டுல எனக்கு என்ன மரியாதைம்பார்.

என்னைய பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நடந்தது எங்க சொந்தத்துல இன்னைக்கும் ஓடிட்டிருக்கு. எல்லாம் பேசி முடிச்சு கெளம்புற நேரம், அப்பா மாப்பிள்ளைய வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டு, முதுகுல நாலு விரல மடக்கி டொக் டொக்குனு ரெண்டு தட்டு தட்டிட்டு ஒரு நிமிசம் நின்னார். அப்புறம் உள்ள வந்து அம்மாகிட்ட "நல்ல சாமான்தான், முடிச்சிரலாம்"னு சொல்லிட்டார். கல்யாணத்துக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட கேட்ட மொத கேள்வியே, உங்கப்பா ஏன் என் முதுகுல தட்டினார், நான் ஏதும் தப்பா பேசிட்டேனா, ரெண்டு மாசமா அதேதான் யோசனைன்னு. நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம்லேர்ந்து மாமியார் எழுந்து வந்துட்டாங்க.

அப்பாவுக்கு வாழ்க்கையில இருந்த ஒரே குறை ஊட்டி ரயில்தான். மலை ரயிலுக்குன்னு 2011லேர்ந்து பொன்மலையிலயே புதுசா நீராவி எஞ்சின் கட்டி அனுப்ப ஆரம்பிச்சாங்க, அவர் ரிட்டயர் ஆனது 2010. "நான் எப்படா வெளிய போவேன்னு இருந்து கட்டுறானுங்க"ன்னு டீக்கடையில வாரம் ஒரு தடவயாவது பொலம்புவார். அதனால 2017 கோடை லீவுல எங்க பையன், அப்போ ஏழு வயசு, அவனையும் அப்பாவையும் கூட்டிட்டு மேட்டுப்பாளையம் போனோம். ஏழு மணிக்கு மேல கெளம்புற வண்டிக்கு அஞ்சு மணிக்கே எங்கள ஸ்டேஷன்ல உக்கார வச்சுட்டார். கல்லாறு தாண்டுனதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச பட்டை வரும், எஞ்சினோட பல்சக்கரம் அதக் கவ்விக்கிட்டு ஏறும், பன்னெண்டு அடி போனா ஒரு அடி ஏத்தம். பையன் கேட்டான், ஏன் தாத்தா எஞ்சின் பின்னாடி இருக்குன்னு. "புள்ள படியேறும்போது நான் எங்கடா நிப்பேன், முன்னாடியா பின்னாடியா"ன்னார். பின்னாடின்னான். அவ்வளவுதான், ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க.

ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்க வண்டி நின்னப்போ எல்லாரும் குரங்க போட்டோ எடுக்குறாங்க, அப்பா பேரன் கையப் புடிச்சுட்டு எஞ்சின்கிட்ட போய் நான் பொன்மலைன்னு சொல்லியிருக்கார். அந்த ஒரு வார்த்தைக்கு ஃபயர்மேன் தம்பி எறங்கி வந்து அப்பா கைய ரெண்டு கையாலயும் புடிச்சார். பஃபர் பக்கத்துல அப்பா மெதுவா தட்டினார், பையனையும் தட்டச் சொன்னார், ரெண்டு பேரும் காத சாச்சுட்டு நின்ன அந்த போட்டோதான் இப்போ எங்க ஹால்ல இருக்கு. குன்னூர்ல நீராவி எஞ்சின கழட்டி டீசல் மாட்டுனதும் அப்பாவுக்கு ஊட்டி முடிஞ்சுபோச்சு, மிச்ச வழியெல்லாம் வாயத் தொறந்துட்டு தூங்கினார்.

போன வருசம் மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரில சேத்தோம். டாக்டர் சின்ன வயசு, அப்பாவ உக்கார வச்சு முதுகுல ஒரு விரல வச்சு இன்னொரு விரலால தட்டிக்கிட்டே கீழ வந்தார். அப்பா மொகத்துல அப்படி ஒரு சந்தோசம், என்னப் பாத்து "பாப்பா, இவரும் நம்ம டிபார்ட்மெண்ட்டுதான்"னார், டாக்டருக்கு ஒண்ணும் புரியல, நான் சொன்னதும் அவரும் சிரிச்சுட்டார். மேல தட்டுனப்போ நல்ல சத்தம். கீழ வலது பக்கம் வந்ததும் சத்தம் மாறுச்சு, எனக்கே கேட்டுச்சு. டாக்டர் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே அப்பா சொல்லிட்டார், "அங்க செத்துருச்சு சார், உள்ள தண்ணி நிக்குதா?" டாக்டர் ஆமாய்யான்னார். அப்பா தலைய ஆட்டிட்டு சட்டைய போட்டுக்கிட்டார். அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட எதையும் சொல்லாதன்னு என் கைய அழுத்தினார், அடுத்த மூணு மாசமும் அம்மா முன்னாடி நானும் அவரும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தோம், அந்த மாதிரி சிரிக்க எனக்கு சொல்லிக்குடுத்ததும் அவர்தான்.

இன்னொண்ணு சொல்லணும். 1974 மே மாசம் ரயில்வே ஸ்ட்ரைக், நாடு முழுக்க 20 நாள் நடந்துச்சு, அப்பாவுக்கு அப்போ 24 வயசு. குவார்ட்டர்ஸுக்கு போலீஸ் வரும்னு பகல்ல வீட்டுல தங்கமாட்டார், ராத்திரி பின்வாசல் வழியா சாப்பிட வருவார், வந்தது தான்தான்னு பாட்டிக்குத் தெரியணும்னு ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு வேகமா ரெண்டு தட்டு. ஸ்ட்ரைக் முடிஞ்சும் அந்த தட்டு போகல. வாசல்ல காலிங் பெல் வச்சு பதினஞ்சு வருசம் ஆச்சு, அப்பா அத ஒரு தடவகூட அமுக்குனதில்ல.

போன வாரம் சாயங்காலம் டியூஷன் முடிஞ்சு பையன் வந்தான். பெல் அடிக்கல. டொக்… டொக்டொக்.

அடுப்படியில அம்மா திரும்பிக்கூட பாக்கல, "கதவு தொறந்துதான் இருக்கு, வாங்க"ன்னாங்க.

"பாட்டி, நாந்தான்"னான்.

"தெரியுதுடா, கை கழுவிட்டு வா"ன்னுட்டு அம்மா டம்ளர எடுத்து காப்பி ஆத்த ஆரம்பிச்சாங்க, அவன் காப்பியே குடிக்கமாட்டான்.