உடலியங்கியல் தாள்: மூச்சுக் கேள்வியில் போனதும் வந்ததும்

நேற்று முடிவு வந்தது, உடலியங்கியல் தேறிவிட்டேன். போன முறை இதே தாள் 2 மதிப்பெண்ணில் கைவிட்டுப் போனது. அந்த 2 மதிப்பெண்ணும் மூச்சுக் கட்டுப்பாட்டு நெடுவினாவில்தான் போனது என்று இன்றைக்கும் உறுதியாக நம்புகிறேன். "ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு வேகமாகும்" என்று முதல் வரியிலேயே எழுதி, மூன்று பக்கத்தையும் அதன் மேலேயே கட்டிவிட்டேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சை நடத்துவது கார்பன் டை ஆக்சைடு. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்திலிருந்து கொஞ்சம் ஏறினாலே மூச்சு கூடிவிடும். ஆக்சிஜனோ 100லிருந்து 60க்குப் பக்கத்தில் இறங்கும்வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. எனக்கு இது பாடமாகப் படித்தபோது மனதில் நிற்கவில்லை. ஒருநாள் கடிகாரத்தை மேசையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்தேன், 40 வினாடி. அப்புறம் நாலைந்து தடவை ஆழமாக இழுத்துவிட்டுப் பிடித்தேன், ஒரு நிமிடம் தாண்டியது. ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97 சதவீதம் நிரம்பித்தான் இருந்தது, ரத்தத்தில் ஆக்சிஜன் புதிதாக ஏற இடமில்லை. கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதால்தான் அந்தத் தவிப்பு தள்ளிப்போனது. தண்ணீருக்குள் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், தவிப்பு வருவதற்குள் ஆக்சிஜன் இறங்கி நினைவு தப்பிவிடும்.

விடையில் விடக்கூடாதவை:

- முகுளத்து (மூளைத்தண்டின் அடிப்பகுதி) வேதி உணர்விகள் நேரடியாக உணர்வது மூளைத் தண்டுவடத் திரவத்தின் ஹைட்ரஜன் அயனியை. ரத்தத்திலுள்ள அயனி ரத்த-மூளைத் தடுப்பை எளிதில் தாண்டாது. கார்பன் டை ஆக்சைடு வாயு தாண்டும், தாண்டி அங்கே அயனியை உண்டாக்கும். மதிப்பெண் இந்த வரியில் இருக்கிறது.
- ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்பவை கழுத்துத் தமனியிலுள்ள கரோட்டிட் உடலங்களும் பெருந்தமனி உடலங்களும். கரோட்டிட் உடலங்களுக்கு 9ஆம் மூளை நரம்பு, பெருந்தமனி உடலங்களுக்கு 10ஆம் மூளை நரம்பு.
- ஹெரிங்-பிராயர் அனிச்சை (நுரையீரல் அதிகம் விரிந்தால் உள்மூச்சை நிறுத்துவது), 1868.
- பான்ஸ் (முகுளத்துக்கு மேலேயுள்ள மூளைத்தண்டுப் பகுதி) பற்றி இரண்டு வரி போதும்.

மனப்பாடம் நன்றாக வருகிறவர்கள் எப்படியும் எழுதிவிடலாம், எனக்கு அது வராது, அதனால் எல்லாவற்றையும் ஒரே தாளில் அம்புக்குறியாக வரைந்து தினமும் பார்க்காமல் திருப்பி வரைந்தேன்.

வாய்மொழித் தேர்வில், கார்பன் மோனாக்சைடு நச்சில் மூச்சு ஏன் அவ்வளவாக வேகமெடுப்பதில்லை என்று கேட்டார்கள். கரோட்டிட் உடலம் பார்ப்பது கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தத்தை, மொத்த அளவை அல்ல; அழுத்தம் குறையாததால் அது தூண்டப்படுவதில்லை என்றேன். சரி என்று தலையாட்டினார்கள்.

உடற்பயிற்சிக் கேள்வி வந்தால் மட்டும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு எழுதாதீர்கள். மிதமான பயிற்சியில் தமனி ரத்தத்தில் அது ஏறக்குறைய மாறுவதே இல்லை, மூச்சோ ஓடத் தொடங்கிய கணத்திலேயே கூடுகிறது. அங்கே மூளைப் புறணியையும் மூட்டு உணர்விகளையும் முதலில் எழுதுங்கள்.