எட்டணா வலி

சென்னை பெரம்பூரில் நான் தங்கிய வீட்டில் முதல் நாள் காலை சமையலறை வாசலில் நின்றுகொண்டு “பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?” என்று கேட்டேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “பசிக்குதா? முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?” என்று பதறிப்போய் அவசர அவசரமாக இட்லிப் பானையைத் திறந்தார். எங்கள் ஊர் கிள்ளானில் காலைச் சாப்பாட்டுக்கே பசியாறல் என்றுதான் பெயர். யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி அது, குட்மார்னிங் மாதிரி. அதை நான் விளக்கி முடிப்பதற்குள் தட்டில் ஐந்து இட்லி விழுந்துவிட்டது. “இன்னொண்ணு, ஆன்ட்டி எல்லாம் வேணாம், அம்மான்னே கூப்பிடு” என்றார். சரி, அன்றிலிருந்து அம்மாதான்.

மலேசியாவில் அரசாங்க மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாகத் தாதியாக இருக்கிறேன். (தாதி என்று சொன்னால் சென்னையில் யாருக்கும் புரியவில்லை, நர்ஸ் என்றால்தான் “ஓ, சிஸ்டரா!” என்கிறார்கள்.) சம்பளமில்லா விடுப்பு ஒரு மாதம் கிடைத்தது. வெளிநாட்டில் தொண்டூழியம் செய்ய வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. தோழிகள் எல்லாம் நேப்பாளம், கம்போடியா என்று சொன்னபோது நான் சென்னைதான் என்று பிடிவாதமாக நின்றதற்கு ஒரே காரணம், மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட மாட்டார் என்ற நினைப்பு. அந்த நினைப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் காகித வேலை. இந்தியாவின் சுற்றுலா இ-விசாவில் காசு வாங்காத தொண்டு வேலைக்கு இடம் இருக்கிறது, ஆனால் அதிகபட்சம் ஒரு மாதம்தான். அதுபோக, வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அப்போது ‘ஃபார்ம் சி’ என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டியிருந்தது. ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வீட்டு ஐயா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு, என் பாஸ்போர்ட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். முடிப்பதற்குள் அம்மா இரண்டு முறை காப்பி போட்டுவிட்டார்.

என்னை அனுப்பிவைத்த ஏஜென்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். மூவாயிரம் வெள்ளிக்கு மேல் (மலேசிய ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்) வாங்கிக்கொண்டு, “நேரடி மருத்துவ அனுபவம்” என்று வாக்குக் கொடுத்து ஒரு சின்ன கிளினிக்கில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே முதல் நாளே சிரிஞ்சைக் கையில் கொடுத்து “போடுங்க மேடம்” என்கிறார்கள். நான் பதிவுபெற்ற தாதிதான், ஆனால் மலேசியாவில். இந்தியாவில் நர்சிங் கவுன்சில் பதிவு இல்லாமல் ஒரு நோயாளிக்கு ஊசி போட எனக்கு எந்த உரிமையும் கிடையாது. அதைச் சொன்னதும் “இதுக்கு முன்னாடி வந்த ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் போட்டாங்களே” என்றார் அங்கிருந்தவர். கூசிப்போய்விட்டது. படிப்பை முடிக்காத வெளிநாட்டுப் பிள்ளைகள் பழகிப்பார்ப்பதற்கு ஏழைகளின் கையா கிடைத்தது? கிள்ளானில் ஒரு வெள்ளி கொடுத்து கிளினிக்குக்கு வருகிற நோயாளிக்கு இப்படி ஒருவர் ஊசி போட்டால் நான் சும்மா விடுவேனா? மறுநாளே நின்றுவிட்டேன். கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

பணம் போனாலும் வீடு கிடைத்தது. அம்மாவின் தங்கை மகள் மூலமாகத்தான், நோய் முற்றிப் படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற ஒரு சின்ன குழுவில் சேர்ந்தேன். ஒரு நர்ஸ் சிஸ்டர், ஒரு டிரைவர் அண்ணா, ஒரு பழைய ஆம்னி வேன். என் வேலை பை தூக்குவது, நோட்டில் எழுதுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கக் கை கொடுப்பது, வீட்டு மனிதர்களோடு உட்கார்ந்து பேசுவது. புளியந்தோப்பு, வியாசர்பாடி, ஓட்டேரி, அயனாவரம் என்று சுற்றினோம். கார்த்திகை மாதம், ஒரு நல்ல மழை பெய்தால் போதும், புளியந்தோப்புத் தெருக்களில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். வேனை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறோம்.

குழுவோடு போன இரண்டாவது நாள் வியாசர்பாடியில் ஒரு பெரியவர். இடுப்புக்குக் கீழே புற்றுநோய் பரவியிருந்தது. “எப்படி இருக்குங்க ஐயா?” என்றேன். “காந்துதும்மா, இங்கிருந்து கால் வரைக்கும் காந்துது” என்றார். நான் நோட்டில் ‘கால் வலி’ என்று எழுதிக்கொண்டேன். சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்து பேனாவை வாங்கி அதை அடித்தார். “வலின்னு அவர் சொல்லவே இல்லையே மேடம்.”

அன்று ராத்திரி அம்மா சமையலறைத் தரையில் அரிவாள்மணையில் உட்கார்ந்து பச்சை மிளகாய் அரிந்துகொண்டிருந்தார். காந்தல் என்றால் எங்கள் வீட்டில் சட்டி அடியில் ஒட்டிக்கொண்ட சோறு, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே அரிந்த மிளகாயை எடுத்து என் உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்துவிட்டார். “பத்து நிமிஷம் சும்மா இரு, அப்புறம் சொல்லு.” எரிச்சல் என்று சொல்லிவிட முடியாது, மேலே ஒன்றும் தெரியாது, தோலுக்குள்ளே கனகனவென்று ஏதோ சுடுகிறது, கழுவினாலும் போவதில்லை. “அதான் காந்துறது.”

இது வெறும் சொல் விவகாரம் இல்லை. காந்துகிறது, ஷாக் அடிக்கிறது, ஊசி ஊசியாகக் குத்துகிறது, மதமதவென்று இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நரம்பு அடிபட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு மார்ஃபின் மட்டும் போதாமல் போகலாம், அமிட்ரிப்டிலின், கபாபென்டின் மாதிரி வேறு மாத்திரைகளை டாக்டர் சேர்ப்பார். நான் எழுதிய ‘கால் வலி’யை மட்டும் டாக்டர் பார்த்திருந்தால் அந்தப் பெரியவர் இன்னும் ஒரு வாரம் காந்திக்கொண்டே கிடந்திருப்பார். ஆங்கிலத்திலும் மலாயிலும் இதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சொந்த மொழியில் என்னிடம் இருந்தது ‘வலி’ என்ற ஒரு சொல்தான். அன்றிலிருந்து தினமும் ராத்திரி அம்மாவிடம் பாடம். விண்விண் என்று தெறிப்பது, குடைவது, கடுப்பது, சுருக்கென்று இழுப்பது, எல்லாம் வேறு வேறாம். “முழங்கால் குடையும், பல் தெறிக்கும், கண்ணு உறுத்தும், மாத்திச் சொன்னா சிரிப்பாங்க” என்றார்.

ஓட்டேரியில் ஒரு ஆயா. (வடசென்னையில் பாட்டியை ஆயா என்கிறார்கள். எங்களுக்கு ஆயா என்றால் தோட்டத்தில் பிள்ளை பார்த்துக்கொள்கிற அம்மா. இதிலும் ஒரு குழப்பம் நடந்தது, அதை விடுங்கள்.) எண்பதுக்கு மேல் வயது, மார்பில் புண் வெடித்திருந்தது. வாடைக்குப் பயந்து பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கமே வருவதில்லை. சிஸ்டர் மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கிப் புண்மேல் தூவிக் கட்டினார், மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். சில நாளில் வாடை அடங்கிவிட்டது. சின்னப் பேத்தி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுத ஆரம்பித்தாள்.

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணாகச் சொல்ல வேண்டும், உலகம் முழுக்க அப்படித்தான் கேட்கிறோம். ஆயாவிடம் “பத்துக்கு எவ்வளவு?” என்று கேட்டேன். “பத்துன்னா என்னா கணக்கு?” என்றார். சிஸ்டர் குறுக்கே வந்து, “ஆயா, முழு வலி ஒரு ரூபான்னு வெச்சுக்கோ, இப்ப எவ்ளோ?” என்றார். ஆயா கண்ணை மூடி யோசித்துவிட்டு, “நேத்து ராவுல பன்னெண்டணா. இப்போ எட்டணா இருக்கும்” என்றார். இந்தியாவில் 1957லேயே அணா போய் நயா பைசா வந்துவிட்டது, ஆயா கணக்கில் மட்டும் ரூபாய்க்கு இன்னும் பதினாறு அணாதான். நான் நோட்டில் வகுத்துப் பார்த்து, பன்னிரண்டணாவுக்குப் பத்துக்கு ஏழரை என்று எழுதினேன். “ஏழரைன்னு எழுதாதீங்க மேடம், ஏற்கெனவே அதுதான் நடக்குது இந்த வீட்ல” என்றார் சிஸ்டர். ஆயா சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

மார்ஃபின் மாத்திரை என்றதும் பல வீடுகளில் பயம். “போதை மருந்தாமே?” என்று மெதுவாகக் கேட்பார்கள். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், வலிக்காக இதைக் கொடுக்கிற ஆஸ்பத்திரிகளே பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தி அதைத் தளர்த்தினார்கள், மனசில் இருக்கிற பயம் மட்டும் தளரவில்லை. மார்ஃபின் கொடுத்தால் பெரும்பாலும் மலச்சிக்கல் வரும், கூடவே அதற்கும் மருந்து கொடுக்க வேண்டும். இதை வீட்டில் யாரும் சொல்லாததால் மாத்திரையையே நிறுத்திவிடுகிற குடும்பங்கள் உண்டு. ஆகவே பேச்சில் பாதி நேரம் “வெளிக்கிப் போனீங்களா?” என்பதுதான். அதையும் எப்படிக் கேட்பது என்று அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். காப்பி விஷயமும் அப்படியே. போகிற வீட்டிலெல்லாம் காப்பியோ டீயோ நீட்டுவார்கள், தண்ணீர் கஷ்டம் உள்ள வீட்டில்கூட. “வேணாம்னு மட்டும் சொல்லிடாதே, அரை டம்ளர் போதும்னு சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயா என்னை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போவார். ஒருநாள் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி துறைமுகத்துப் பக்கம் நடந்தோம். என் தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர், மெட்ராஸில் ஏறினாரா நாகப்பட்டினத்தில் ஏறினாரா என்று வீட்டில் இன்னும் சண்டை. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் சுவர் ஓரமாகவே கொஞ்ச நேரம் நின்றோம். ஐயா சுண்டல் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது நிறைய பேர் எந்த ஏஜென்சி, எவ்வளவு செலவு என்று கேட்கிறார்கள். ஏஜென்சி வேண்டாம், வேலை செய்யப்போகிற இடத்தோடு நேராகப் பேசுங்கள். உங்களை அவர்கள் எதைச் செய்ய விடமாட்டார்கள் என்று முதலில் கேளுங்கள், “எல்லாம் செய்யலாம்” என்று பதில் வந்தால் போகாதீர்கள். தங்குவதற்கு ஹோட்டலைவிட வீடு நல்லது, சமையலறைக்குள் விடுகிற வீடாக இருந்தால் இன்னும் நல்லது.

நான் கிளம்பும்போது ஆயா நாலணாவில் இருந்தார். அடுத்த வாரம் சிஸ்டர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார், பின்னால் ஆயா யாரையோ திட்டுகிற சத்தம். “மேடம், இன்னிக்கு ரெண்டணாவாம். அந்த மலேசியாப் பொண்ணு நோட்டுல அதையும் எழுதிக்கச் சொல்லுன்னுச்சு.”