போண்டி நீலம்

காலைல வாக்கிங் போனப்ப, கவுன்சில் வண்டிக்காக ரோட்டோரம் போட்டிருந்த பழைய சாமானுக்கு நடுவுல ஆப்பிள் கம்பெனியோட ஒரு ஐமேக் கம்ப்யூட்டர். 1998ல வந்த அதே நீலப்பச்சை. சிட்னில இதைப் பாக்கறது தமாஷ்தான், அந்தக் கலருக்குப் பேரே இங்க இருக்கற போண்டி பீச்சை வச்சுதான்.

குனிஞ்சு பாத்தேன். பிளாஸ்டிக் வழியா உள்ள இருக்கற தகரம் மங்கலா தெரியுது.

1999 ஜனவரில ஸ்ட்ராபெரி, திராட்சைன்னு அஞ்சு கலர், அக்டோபர்ல பிக்சர் டியூபே தெரியற மாதிரி இன்னும் தெளிவான மாடல், அப்புறம் 2002ல தட்டை ஸ்கிரீனோட வெள்ளை வந்து எல்லாத்தையும் மூடிடுச்சு (எனக்கு அந்த வெள்ளை பிடிக்கவே இல்ல).

மேல ஒரு கைப்பிடி. கிட்டத்தட்ட 17 கிலோ, யாரு தூக்குவா? தொட்டுப் பாக்கத் தோணட்டும்னுதான் அதை டிசைன் பண்ண ஜானி ஐவ் வச்சாராம்.

நானும் தொட்டேன். கைப்பிடிக் குழில நேத்து பெய்ஞ்ச மழைத்தண்ணி.